கடலோரம் முதல் மலையடிவாரம் வரை: ஒரு சாலையின் வரலாறு

நெய்தலையும் குறிஞ்சியையும் ஒரே பகலில் கண்டுவிடக்கூடிய பகுதிகள் தமிழ்நாட்டில் சிலவே. தூத்துக்குடியில் விடியற்காலையில் புறப்படும் ஒருவர், எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், சிவகாசி, திருவில்லிபுத்தூர் என ஊர்களைக் கடந்து, பொழுது சாய்வதற்குள் இராசபாளையத்துக்கு மேற்கே மலையின் நிழலில் நிற்கலாம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். சாலைகள் நல்ல நிலையில் உள்ளன. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் வழிகாட்டி எவரும் தேவையில்லை, வழிப்பலகைகளே போதும்.

ஆயினும் வழிப்பலகைகள் ஊரின் பெயரைச் சொல்லுமேயன்றி ஊரின் கதையைச் சொல்லா. இன்று நாம் கண்ணுக்கு இனிய காட்சிகளை நாடி ஏறும் இச்சாலையில், நமக்கு முன் நடந்தவர்கள் காட்சிக்காக நடந்தவர்கள் அல்லர். உப்பு விற்க நடந்தார்கள். பஞ்சத்துக்கு அஞ்சி நடந்தார்கள். நற்செய்தி சொல்ல நடந்தார்கள். பிழைப்புக்கு ஒரு தொழில் தேடி நடந்தார்கள். அவர்களுடைய காலடித் தடங்களையும் சேர்த்துக் காணும்போதுதான் இப்பயணம் முழுமை பெறும்.

உப்பும் முத்தும்

தூத்துக்குடியை விட்டு வெளியேறும்போதே இருபுறமும் உப்பளங்கள் விரிகின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக மிகுதியாக உப்பு விளைவது இக்கடற்கரையில்தான். கடலோரத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணர்களைச் சங்கப் பாடல்கள் பலவிடங்களில் குறிக்கின்றன. ஆகவே, கடலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் வழிகளுக்கெல்லாம் மூத்த வழி உப்பு வண்டியின் வழியே எனலாம்.

முத்துக்குளித்துறை என்று உலகம் அறிந்த இக்கரையில் 1530களில் பரதவர் சமுதாயம் திருமுழுக்குப் பெற்றது. 1542-இல் புனித சவேரியார் இங்கு வந்து ஊர் ஊராக நடந்து மறைக்கல்வி புகட்டினார். 1658-இல் தூத்துக்குடி போர்த்துக்கீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியபோதும் மக்கள் தங்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை. 1713-இல் எழுந்த பனிமய மாதா ஆலயம் இன்று பேராலயமாக நிற்கிறது. பரதவரின் பழம்பெரும் ஏழு துறைகளுள் வைப்பாறும் ஒன்று. இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் பயணத்தில் இது மீண்டும் வரும்.

1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. கரிசல் நாட்டின் பருத்தி அதன்வழியே துறைமுகத்தை எட்டியது. அதே ஆண்டில்தான் தென்னகத்தை வாட்டிய பெரும்பஞ்சமும் தொடங்கிற்று என்பதை மறப்பதற்கில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரையில், சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்வோர் இங்குதான் கப்பலேறினர். வானம் பொய்த்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலுக்கெனக் கடல் கடந்த ஏழைகளுள் பலர், நாம் இன்று எதிர்த்திசையில் செல்லும் இவ்வழிகளில் கிழக்கு நோக்கி நடந்து வந்தவர்களே.

மூன்று சமயமும் ஒரு தமிழும்

உப்பளங்கள் மறைந்து உடைமரங்கள் தோன்றும்போது பாளையங்களின் பழைய நாடு தொடங்குகிறது. சாலையை விட்டுச் சற்று விலகினால் ஓட்டப்பிடாரம். 1872-இல் வ.உ. சிதம்பரனார் பிறந்த ஊர் அது. 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியதை அனைவரும் அறிவர். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளருக்காக அவர் நின்றதும் அதே அளவு நினைக்கத்தக்கது. அருகிலேயே பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மீண்டும் எழுப்ப, ஆங்கிலேயர் அதை அடியோடு தரைமட்டமாக்கினர்.

எட்டயபுரம் அந்நாளில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற சமஸ்தானம். இதைச் சொல்லி அவ்வூரைப் பழிப்பது எளிது. ஆனால் அதே ஊரில்தான் 1882 டிசம்பர் 11 அன்று பாரதியார் பிறந்தார். அதே ஊரில்தான் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர் அடக்கம் பெற்றுள்ளார். சற்று அப்பால் கோவில்பட்டி வட்டாரத்தில் காமநாயக்கன்பட்டி. பரலோக மாதாவின் பெயரால் புகழ்பெற்ற அப்பழம்பெரும் மறைத்தளத்தில் புனித அருளானந்தர் பணியாற்றினார். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவரும் அங்கே பணி செய்தார். இத்தாலியிலிருந்து வந்த அத்துறவி, தேம்பாவணியையும் சதுரகராதியையும் தந்து, எழுத்துச் சீர்திருத்தத்தாலும் உரைநடையாலும் தமிழை வளப்படுத்திய வரலாறு நாம் அறிந்ததே.

உமறுப்புலவர், வீரமாமுனிவர், பாரதியார் என மூன்று சமயங்களைச் சார்ந்த மூன்று தமிழ்த் தொண்டர்களை ஒரு முற்பகல் பயணத்துக்குள் நினைத்துப் பார்க்க இடமளிக்கும் சாலை வேறெங்கு உண்டு? வறண்ட மண் என்று நாம் சொல்லிக் கடக்கும் மண் இது. இங்கே வற்றியது நீரேயன்றிச் சொல் அன்று.

மலை மறைத்த மழை

கோவில்பட்டியைச் சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் களியாகக் காலை இழுக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து என வானம் பார்த்த பயிர்களே இதன் செல்வம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூர், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என இரு எழுத்தாளர்களைத் தமிழுக்குத் தந்தது. இருவருமே சாகித்திய அகாதமி விருது பெற்றவர்கள். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே நடந்து வந்து கரிசலைக் கழனியாக்கிய குடிகளின் கதையை கி.ரா. தம் கோபல்லபுரத்து நாவல்களில் எழுதி வைத்தார். இம்மண்ணில் வாழ்பவர்களுள் பலர் எங்கிருந்தோ நடந்து வந்தவர்களே.

இவ்வறட்சிக்குக் காரணம் யாது? நாம் தேடிச் செல்லும் அந்த அழகிய மலையே முதற்காரணம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து சுமந்து வரும் நீரை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து, கேரளத்தின் பக்கம் கொட்டச் செய்கிறது. மலையைத் தாண்டி இப்பக்கம் வருவது பெரும்பாலும் காற்று மட்டுமே. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே இந்நாடு ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது. தொலைவில் நீல நிறமாய்த் தோன்றும் மலை, அடிவாரத்தாருக்குத் தாய். நடுவில் உள்ளவர்களுக்கோ மழையை மறைத்த மதில்.

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலம் வருகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சற்றே பாருங்கள். ஆண்டின் பல மாதங்களில் மணலும் முட்செடியுமே கண்ணில் படும். சிவகிரிக்கு மேற்கேயுள்ள மலைகளில் பிறக்கும் இவ்வாறு, சாத்தூரைத் தொட்டு, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியுடன் கூடிக் கிழக்கே சென்று, வைப்பாறு என்னும் அந்தப் பரதவர் ஊருக்கு அருகில் கடலில் கலக்கிறது. நாம் கடலிலிருந்து மலைக்கு ஏறுகிறோம். ஆறோ மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிறது. மலைவாழ் பளியரையும் கரிசல் உழவரையும் கடலோடியையும் ஒரே குடும்பமாக இயற்கை கட்டி வைத்த கயிறு இவ்வாறு. நாம் கவனிப்பதில்லை; அது வறண்டு கிடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

சாத்தூர் சேவும் வெள்ளரிப் பிஞ்சும் பெயர் பெற்றவை. நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே போய்விட்டதால், ஊருக்குள் செல்ல மனமுள்ளவர்க்கே அவை இன்று புதிதாகக் கிட்டும்.

பேட்டைகளும் பிடியரிசியும்

சாத்தூரிலிருந்து வடக்கே சென்றால் விருதுநகர். விருதுபட்டி என்றிருந்த பெயர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று. இங்குதான் இச்சாலையின் சமூக வரலாறு தெளிவாக விளங்குகிறது. தெற்கே தேரிக்காட்டுப் பனைகளை நம்பி வாழ்ந்த நாடார் சமுதாயத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றை மாட்டுவண்டிகளில் ஏற்றி வடக்கே வந்தனர். சரக்குக்கும் உயிருக்கும் பாதுகாப்புத் தேவைப்பட்டதால், வழிநெடுகப் பேட்டைகள் என்னும் அரண் சூழ்ந்த தங்குமிடங்களை அமைத்தனர். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் அவர்களது வணிகம் வேரூன்றியது.

விற்ற சரக்கின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வணிகரும் மகமை என்ற பெயரில் ஒரு சிறு தொகையைப் பொதுநிதியில் செலுத்தினர். கிணறு, சத்திரம், கோயில், பள்ளி எல்லாம் அந்நிதியில் எழுந்தன. 1889-இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் நாள்தோறும் எடுத்து வைக்கப்பட்ட பிடியரிசியாலும் வளர்ந்தது. அப்பள்ளியில் பயின்ற ஒரு சிறுவன், 1903 ஜூலை 15 அன்று பிறந்த காமராசர். குடும்ப நிலையால் படிப்பை நிறுத்த நேர்ந்த அவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் பள்ளி திறந்து, பசித்த குழந்தைக்குப் பள்ளியிலேயே சோறு கிடைக்க வழி செய்தார். பிடியரிசியில் தொடங்கியது நாட்டின் மதிய உணவில் போய் முடிந்தது.

இதே விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று தியாகி சங்கரலிங்கனார், நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுவது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பைத் தொடங்கினார். அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். அவர் கேட்ட பெயர் 1969-இல் நடைமுறைக்கு வந்தது. மிளகாய், மல்லி, எண்ணெய், பருப்பு ஆகியவற்றுக்கு விலை சொல்லும் சந்தை நகரம் என்றும், எண்ணெய் பரோட்டா கிடைக்கும் ஊர் என்றும் நாம் அறிந்த விருதுநகருக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

நெருப்பும் அதன் விலையும்

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. 1899 ஜூன் 6 அன்று, கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகையில், பெருங்கூட்டம் ஒன்று இவ்வூரைத் தாக்கியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. அவ்வாறு நெருப்புக்கு இரையான ஊர், கால் நூற்றாண்டுக்குள் நெருப்பையே தன் தொழிலாக்கிக் கொண்டது வியப்புக்குரியது.

1922-இல் வெளிநாட்டுத் தீக்குச்சிகளுக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டதால் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கு வாய்ப்புப் பிறந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த, ஈரமற்ற காற்று தீக்குச்சி உலர்வதற்கு ஏற்றதாயிற்று. உழவு கைவிட்ட கைகள் குறைந்த கூலிக்குக் கிடைத்தன. மலை மறைத்த மழையே இத்தொழிலுக்கு மூலதனம் எனில் மிகையன்று. இரண்டாம் உலகப் போரில் அயல்நாட்டு வாணம் வருவது அருகியபோது பட்டாசு வளர்ந்தது. பெட்டிகளுக்கு ஒட்ட வண்ணச் சீட்டுகள் வேண்டியிருந்ததால் அச்சகம் வளர்ந்தது. நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டிகளும், நம் பங்குகளில் பயன்படும் நாட்குறிப்புகளும் இவ்வழி வந்தவையே. ஒரு தீக்குச்சியிலிருந்து மூன்று தொழில்கள்! மண் தராத சோற்றை மனித முயற்சி தந்தது. இதை மதிக்காமல் சிவகாசியைப் பற்றிப் பேசுவது நீதியாகாது.

விலை கொடுத்தவர்களை மறந்து பேசுவதும் நீதியாகாது. பல பத்தாண்டுகள் குழந்தைகள் விடியுமுன் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, ஆலை வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தீப்பெட்டி ஆபீசுகளுக்குச் சென்றனர். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்களே விரைவானவை என்று பெரியவர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டனர். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில், பணியமர்த்துவோர் குழந்தைகளின் நலநிதிக்குப் பணம் செலுத்த வேண்டும் என்றும், அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சட்டம், பள்ளி, சத்துணவு, தொண்டு அமைப்புகளின் உழைப்பு எல்லாம் சேர்ந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளன. காமராசரின் மாவட்டத்தில் அது நிகழ இத்தனை காலம் ஆனது என்பதே வேதனை.

ஆயினும் விபத்துகள் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் ஏறத்தாழ இருபது பேர் இறந்தனர். இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னரும் ஒருவர், இருவர் என மாண்ட விபத்துகள் செய்தித்தாளின் உட்பக்கங்களில் மறைந்துபோயின. மருந்து கலக்கும் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என விதிகள் உள்ளன. உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவதும், தீபாவளி நெருங்க நெருங்க அவசரம் கூடுவதும், மரத்தடியிலும் அறைக்கு வெளியிலும் வேலை நடப்பதுமே விதியைக் காகிதமாக்குகின்றன. ஒரு சிறு உராய்வு போதும்.

2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. காற்றின் தூய்மைக்கு அது வேண்டியதே. ஆனால் ஆலை மூடிய மாதங்களில் அடுப்பு எரியாத வீடுகளும் இங்குதான் இருந்தன. ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் பிழைப்பு என்று ஏழையை நிறுத்தி, எதைத் தேர்ந்துகொள்வாய் எனக் கேட்கும் உலகம் நேரிய உலகமாகுமா?

முதலிப்பட்டியில் மாண்டோர் அனைவரும் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊராரும் அடுத்து நிகழ்ந்த வெடிப்பில் சிக்கி மாண்டனர். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்றவர்களைப் பற்றி நாம் ஞாயிறுதோறும் மறையுரை கேட்கிறோம். விலகிச் செல்லாத எளிய மக்கள் இச்சாலையோரத்தில் வாழ்ந்தார்கள், அதற்காகவே இறந்தார்கள் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மலையடிவாரம்

சிவகாசிக்கு மேற்கே காற்று மாறுகிறது. தென்னையும் நெல்வயலும் தலைகாட்டுகின்றன. திருவில்லிபுத்தூரின் 192 அடிக் கோபுரம் தொலைவிலேயே தெரிகிறது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்பர். ஆண்டாளும் பெரியாழ்வாரும் வாழ்ந்த ஊர் அது. அவ்வூரின் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிசலின் வறட்சியிலிருந்து வருபவருக்கு, பால் சுண்டும் மணமே மலை அருகில் வந்துவிட்டதைச் சொல்லிவிடும்.

1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு அமைந்த இருப்புப்பாதை இவ்வூர்களை ஒரு சரடில் கோத்தது. இராசபாளையத்தில் 1936-இல் தொடங்கிய நூற்பாலை, கரிசல் பருத்தியை ஊரிலேயே நூலாக்கியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. வழியில் ஓரிடத்தில் காயம்; அடுத்த ஊரில் காயத்துக்குக் கட்டு.

மலை மேலே காடு. நரை அணில்களுக்கென 1988-இல் இங்கு சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. புலியைக் காப்பது காட்டைக் காப்பது; காட்டைக் காப்பது வைப்பாற்றின் ஊற்றைக் காப்பது. செண்பகத்தோப்பில் வாழும் பளியர்கள் தேனெடுத்துப் பிழைக்கும் இக்காடு செழித்திருந்தால்தான், சாத்தூர்ப் பாலத்தின் அடியிலும் என்றேனும் நீர் ஓடும். கடலோரத்து வைப்பாற்று ஊராருக்கும் ஆற்றுநீர் வந்து சேரும்.

அய்யனார் அருவியின் சாரலில் நிற்கும்போது உள்ளம் குளிர்வது இயல்பு. அழகை நுகர்வது பாவமன்று. அழகு இறைவன் தந்த கொடை. ஆனால் நாம் நிற்கும் குளிர்ச்சிக்கும், கடந்து வந்த வறட்சிக்கும் காரணம் ஒரே மலை. அவ்வறட்சியில் பிறந்த பட்டாசின் வெளிச்சம்தான் நம் கிறிஸ்துமஸ் இரவுகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் வானில் பூக்கிறது. அதற்கு விலை கொடுத்தவர்களின் ஊர்களை மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடப்பது வேறு, அறிந்து கடப்பது வேறு. உரிமமும் பாதுகாப்பும் உள்ள ஆலையின் பட்டாசு எது என்று கேட்டு வாங்குவதும், மிக மலிவான சரக்கு எவ்வாறு மலிவாயிற்று என்று ஒரு கணம் சிந்திப்பதும் பெரிய தியாகங்கள் அல்ல. கேட்பவர் பெருகினால் விற்பவரும் கவனிப்பார், செய்பவரும் பிழைப்பார்.

திரும்பும் வழியில் சிவகாசி – சாத்தூர் சாலையில் மாலை வேளையில் வர நேர்ந்தால், பயர் ஆபீஸ் வேன்கள் ஊருக்கு ஊர் நின்று பெண்களை இறக்கிவிடுவதைக் காணலாம். கையில் தூக்குவாளி, விரல்களில் கழுவியும் போகாத அலுமினியப் பொடியின் சாம்பல் மினுக்கம். காலையில் போனவர்கள் மாலையில் வீடு சேர்கிறார்கள். அந்த ஊர்களில் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லத்தக்க நிகழ்ச்சி அதுவே. அவர்கள் சாலையைக் கடக்கும் வரை வண்டியை நிறுத்தி வழிவிடுங்கள்.